வாக்கில்லாத அட்டை வேண்டாம் என்ற ராத்தாவுக்கு

ராத்தா,

இன்று காலை ஆற்றுக்கு அக்கரையில் டாலாவுக்குப் படகேறினேன். நம் பழைய தோள்வலிக்காரர் டோ சீனைப் பார்க்கத்தான், வேறு விசேஷம் ஒன்றுமில்லை. அக்கரையில் இறங்கியதும் சுரைக்காயை மாவில் தோய்த்துப் பொரிக்கிற வாசனை வந்து முகத்தில் அடித்தது. கால் தானாகவே நின்றுவிட்டது. அந்தச் சட்டியைத் தாண்டி நீங்கள் ஒரு நாளும் சும்மா போனதில்லை. "நாள் பூரா கையில எண்ணெய். வயித்துலயும் கொஞ்சம் பட்டா என்ன?" என்பீர்கள். சைக்கிள் ரிக்‌ஷாக்காரர் காத்துக்கொண்டிருக்க, நின்றபடியே ஒரு பொட்டலம் முடித்துவிட்டுத்தான் ஏறுவீர்கள்.

நானும் ஒரு பொட்டலம் வாங்கி நின்றபடியே தின்றேன். தின்னும்போது உங்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது. நீங்கள் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இதுவரை ஒரு வரி எழுதவில்லை. அழுகை வந்துவிடும் என்று பயந்துகொண்டிருந்தேன். இன்றைக்கு வரவில்லை. நாக்கு சுட்டதுதான் மிச்சம்.

நாம் முதலில் சந்தித்தது அந்தத் தனியார் மருத்துவமனையில். நீங்கள் பிரசவ வார்டில் ஆயா, நான் கை கால் பயிற்சி கொடுக்கிற பிரிவில் உதவியாள். வார்டில் எல்லோரும் என்னை பர்மியப் பெயரால் மியா என்றுதான் கூப்பிடுவார்கள். அப்பா வைத்த மரகதம் என்ற பெயருக்கு அதுதான் அர்த்தம். நீங்கள் மட்டும் அதைக் கேட்டுவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். "எங்க முஸ்லிம் ஆளுங்கள்ல ஆம்பளையத்தான் மியான்னு கூப்பிடுவோம். நல்ல பேரு வச்சாங்க போ." அன்றிலிருந்து ஊரில் எல்லோருக்கும் நான், பெண்களுக்கான பர்மிய மரியாதைச் சொல் சேர்த்து, டோ மியா, உங்களுக்கு மட்டும் மரகதம்.

அந்த மருத்துவமனை கை மாறி எங்கள் பிரிவை மூடியபோது எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வீட்டுக்காரர் ரயில்வேயில் ஓய்வு பெற்றிருந்தார். மகன் படித்துக்கொண்டிருந்தான். நீங்கள்தான் வந்து, "முன்னறை சும்மாதான் கெடக்கு. ரெண்டு கட்டில் போடுவோம். நீ மூட்டு, முதுகு பாரு. நான் புள்ள பெத்தவங்களைப் பாக்குறேன்" என்றீர்கள். மிங்கலா தாங்ஞுன்ட்டில் ரயில் பாதையை ஒட்டிய வீடு உங்களுடையது. வண்டி போகும்போதெல்லாம் அலமாரியில் எண்ணெய்க் குப்பிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். படுத்திருக்கிற பெண் முதல் தடவை திடுக்கிடுவாள், இரண்டாம் தடவை தூங்கிவிடுவாள். தமிழ்ப் பெண்கள், பர்மியப் பெண்கள், சந்தையில் மீன் விற்கிற சீனத்தி, மொட்டைத் தலையும் ரோஜா நிற அங்கியுமாக பௌத்தத் துறவிப் பெண்கள் எல்லோரும் வந்தார்கள். அறைக்குக் குறுக்கே கட்டிய திரைக்கு இந்தப் பக்கம் ஆண்கள் வரக்கூடாது. அது ஒன்றுதான் நம் விதி.

ஆனால் அந்த வருஷங்களில் மசாஜ் என்ற சொல் கெட்டுப்போய்க்கொண்டிருந்தது. பெரிய சாலைகளில் கறுப்புக் கண்ணாடி போட்ட கடைகள் வந்தன. நம் வாசலில் மாட்டியிருந்த மசாஜ் பலகையைப் பார்த்துவிட்டு ஒரு மாதிரி சிரித்துக்கொண்டு எட்டிப் பார்க்கிறவர்களும் வந்தார்கள். ஒருநாள் ஓர் இளைஞன் வாசலில் நின்று, "இங்க எல்லாம் உண்டா?" என்று கேட்டான். எனக்கு உடம்பு கூசிப்போயிற்று. நீங்கள் வெளியே போய் அவனை மேலும் கீழும் பார்த்து, "உங்கம்மாவுக்கு முட்டி வலி இருக்கா தம்பி? இருந்தா கூட்டிட்டு வா" என்றீர்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு போனான். அடுத்த வாரமே அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றானே, அதுதான் வேடிக்கை. அந்த அம்மாள் இன்றைக்கும் வருகிறாள்.

அப்படித்தான் நம் பேட்டை நிர்வாகத்தைப் பார்க்கிற வார்டு ஆபீஸிலிருந்தும் ஆள் வந்தார். தொழிலுக்கு ஏதாவது சங்கத்தின் உறுப்பினர் அட்டை இருந்தால் அதைச் சுவரில் மாட்டுங்கள், இல்லாவிட்டால் மழைக்காலத்துக்குள் பலகையை இறக்கிவிடுங்கள் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அவர் போன பிறகு இரண்டு பேரும் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு பலகையையே பார்த்தோம். நான், "இனிமே வீடு வீடாப் போய்த்தான் செய்யணும்" என்றேன். நீங்கள், "எதுக்கு? சங்கம் இருக்குல்ல, சேருவோம்" என்றீர்கள்.

நகரத்தில் ஒரு தேநீர்க் கடைக்கு மேலே இருந்தது சங்கம். உறுப்பினர்களில் இரண்டு வகை. எண்ணெய் தேய்த்து நீவுகிறவர்கள் ஒரு பக்கம், எலும்பையும் மூட்டையும் கையாலேயே சரிசெய்கிறவர்கள் ஒரு பக்கம். கூட்டத்தில்கூட ஜன்னல் ஓரம், சுவர் ஓரம் என்று பிரிந்துதான் உட்காருவார்களாம். ஒன்றில் மட்டும் இரண்டு பக்கமும் ஒற்றுமை. அத்தனை பேரும் ஆண்கள்.

செயலாளர் கனமான கண்ணாடி போட்ட, நிதானமான மனிதர். "பெண்களைச் சேர்க்கக்கூடாது என்று விதியில் இல்லை. இதுவரை யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்" என்று பர்மியத்தில் சொன்னார். முழு உறுப்பினர் ஒருவர் நமக்காகப் பொறுப்பேற்க வேண்டும், பிறகு கூட்டம் முடிவு செய்யும் என்றார். நாம் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினோம். எல்லோரும் தேநீர் கொடுத்தார்கள், பொறுப்பு மட்டும் ஏற்கவில்லை.

கடைசியாகத்தான் டாலாவில் ஊ தெயினைப் பிடித்தோம். எலும்புக்காரர். ஆற்றுக்கு அந்தப் பக்கம் யார் தோள் நழுவினாலும் அவரிடம்தான் ஓடுவார்கள். நாம் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"என் பொண்டாட்டிக்குத் தோள் இறுகிப்போய்க் கிடக்கு. தலை சீவிக்க முடியலை. அதைச் சரிபண்ணுங்க, நான் பொறுப்பு."

"ஊரெல்லாம் பாக்குற நீங்க ஏன் பாக்கலை?" என்று கேட்டீர்கள்.

அவர் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து டோ சீனின் குரல் வந்தது. "அவர் கை பட்டாலே எனக்குச் சிரிப்பு வந்துரும். கல்யாணம் ஆன நாளிலேருந்து அப்படித்தான். அடுத்த வேலை நடக்காது."

ஊ தெயினின் முகம் சிவந்துபோனதை நான் அன்றுதான் முதலும் கடைசியுமாகப் பார்த்தேன்.

அந்தக் குளிர்காலம் முழுக்க வாரம் ஒரு முறை படகேறினோம். வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, நீவி, கையைச் சுவரில் வைத்து விரலால் மேலே ஏறச்சொல்லி மெதுவாகப் பழக்கினோம். தோள் முழுக்கச் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். பின்பக்கம் கை இன்றுவரை போகாது. ஆனால் ஒருநாள் நாம் போனபோது டோ சீன் வாசலில் உட்கார்ந்து தானே தலை சீவிக் கொண்டை போட்டுக்கொண்டிருந்தார். நம்மைப் பார்த்ததும் சீப்பை நீட்டிக் கணவனிடம், "என்ன பாத்துக்கிட்டு நிக்கிற? போ, சட்டையை மாத்து. இவங்களோட சங்கத்துக்குப் போ" என்றார்.

கூட்டத்தன்று நீங்கள் பெட்டியின் அடியிலிருந்து எடுத்த பச்சை முக்காடு போட்டிருந்தீர்கள். ஊ தெயின் எழுந்து நம்மைப் பற்றிச் சொன்னதும் ஜன்னல் பக்கமும் சுவர் பக்கமும் சேர்ந்தே முணுமுணுத்தன. செயலாளர், "உங்கள் வேலையில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இந்தத் தொழிலின் பெயர் ஏற்கெனவே கெட்டுக் கிடக்கிறது. பெண்களையும் சேர்த்தால் வெளியே என்ன பேசுவார்கள்?" என்றார்.

நீங்கள் எழுந்து சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "பேரு கெட்டுப்போச்சுன்னு நீங்க கவலைப்படுறீங்க. அந்தக் கெட்ட பேரை வீட்டு வாசல்ல நின்னு வாங்குறது நாங்க. உங்களைப் பாத்து யாரும் எல்லாம் உண்டான்னு கேக்குறதில்லை."

யாரோ சிரித்தார்கள், பிறகு அடங்கினார்கள். நீண்ட நேரம் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். நமக்குத் துணை உறுப்பினர் என்று அட்டை தருவார்கள். சுவரில் மாட்டலாம், கூட்டத்தில் உட்காரலாம். பேசவும் வாக்களிக்கவும் உரிமை இல்லை.

"வாக்கு இல்லையா?" என்று கேட்டீர்கள்.

"இப்போதைக்கு இல்லை."

"அப்ப எனக்கு வேணாம்."

நான் உங்கள் கையைப் பிடித்து இழுத்தேன். நீங்கள் உட்காரவில்லை, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நேராகப் படியிறங்கிப் போய்விட்டீர்கள். நான் அங்கேயே இருந்து என் அட்டையை வாங்கிக்கொண்டேன்.

பஸ்ஸில் நாம் போட்ட சண்டையைக் கேட்டு முன் சீட்டுக்காரர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். நல்ல வேளை, அவர்களுக்குத் தமிழ் தெரியாது.

"பலகையை இறக்கச் சொல்லியிருக்காங்க ராத்தா. இந்த நேரத்துல ரோசம் என்ன ரோசம்?"

"நீ வாங்குனது தப்புன்னு நான் சொல்லலையே. உனக்கு வேணும், வாங்குன. எனக்கு வேணாம், வாங்கலை."

"ரெண்டு பேருக்கும் ஒரே கடைதானே?"

"அதான் உன்கிட்ட ஒண்ணு இருக்கே. அது போதும் சுவருக்கு."

எனக்கு அப்படிக் கோபம் வந்தது. நான் தலை குனிந்து வாங்கியது போலவும் நீங்கள் நிமிர்ந்து நடந்தது போலவும் ஆகிவிட்டதே என்று. ஒரு வாரம் வேலையைத் தவிர வேறு பேசவில்லை. வார்டு ஆபீஸ்காரர் அட்டையைப் பார்க்க வந்தபோது உங்களைக் காட்டி, "இவங்க?" என்றார். நீங்கள் துண்டை மடித்துக்கொண்டே, "நான் இந்தம்மாவோட உதவியாள்" என்றீர்கள். உங்கள் வீட்டில், உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு. அவர் போனதும் என்னைப் பார்த்து, "முதலாளி, டீ போடட்டுமா?" என்று கேட்டீர்கள் பாருங்கள், என் கோபம் அங்கேயே போய்விட்டது. அன்று சிரித்த சிரிப்பில் திரைக்குப் பின்னால் படுத்திருந்த பெண்ணும் காரணம் தெரியாமலே சேர்ந்து சிரித்தாள்.

அதற்குப் பிறகு வருஷா வருஷம் நான் கூட்டத்துக்குப் போய் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு வருவேன். வந்ததும் கேட்பீர்கள்.

"என்ன பேசுனாங்க?"

சொல்வேன்.

"நீ என்ன சொன்ன?"

"எனக்குத்தான் பேச உரிமை இல்லையே."

"ம்" என்பீர்கள். அவ்வளவுதான். குத்திக்காட்டவே மாட்டீர்கள். அந்த ஒரு "ம்"மை வைத்துக்கொண்டு நான் ஒரு வாரம் தூக்கமில்லாமல் புரளுவேன்.

பிறகு அந்தப் பெரும்புயல் வந்தது. கியாக்தானில் வாழ்க்கைப்பட்ட உங்கள் மகளிடமிருந்து சேதி வரும்வரை நீங்கள் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை. அவர்கள் கடையின் கூரைதான் போனது, ஆட்கள் பத்திரம் என்று தெரிந்த அன்றுதான் முகம் கழுவினீர்கள். சில வாரங்கள் கழித்துச் சங்கம் டாலாவுக்கும் கியாக்தானுக்கும் ஆட்களை அனுப்ப ஏற்பாடு செய்தது. மரத்தையும் தூணையும் கட்டிப்பிடித்துக் கிடந்து தோள் இறுகிப்போனவர்கள், மண் சுமந்து முதுகு பிடித்துக்கொண்டவர்கள் ஏராளமாக இருந்தார்கள். உறுப்பினர் பெயர்களை அதிகாரிகளிடம் கொடுத்து அனுமதி வாங்கிக்கொண்டுதான் போக முடியும். போனவர்கள் முதல் நாளே திரும்பி வந்துவிட்டார்கள். பெண்கள் ஒருத்தியும் அவர்கள் முன்னால் படுக்கவில்லை.

மறுநாள் செயலாளரே நம் அறையைத் தேடி வந்தார். திரைக்கு இந்தப் பக்கம் வரவில்லை, நன்றாக நினைவிருக்கிறது, வாசலிலேயே முக்காலி போட்டு உட்கார்ந்தார். என்னைப் பார்த்து, "டோ மியா, நீங்கள் வர வேண்டும்" என்றார்.

நான், "தனியா வரமாட்டேன். இவங்களும் வரணும்" என்றேன்.

"இவங்க உறுப்பினர் இல்லையே. பெயர் கொடுக்க முடியாது."

"ஆக்கிடுங்க."

அவர் உங்களைப் பார்த்தார். நீங்கள் தேநீரை அவர் முன்னால் வைத்தீர்கள். "நான் எப்படியும் போவேன். என் மகள் ஊரு அது, யார் அனுமதியும் வேணாம். சங்கத்துக்காரியா வரணும்னாத்தான் ஒண்ணு கேக்கணும். வாக்கு உண்டா?"

செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உண்டு. நான் கமிட்டியில் பேசிக்கொள்கிறேன்."

"இவளுக்கும்?"

"இவங்களுக்கும்."

"டீ ஆறுது, குடிங்க" என்றீர்கள்.

ராத்தா, எனக்கும் சேர்த்துக் கேட்பீர்கள் என்று நான் நினைக்கவேயில்லை.

முதலில் டாலாவில் ஒரு பௌத்த மடத்துக் கூடத்தில் சேலைகளையும் லுங்கிகளையும் கட்டித் திரை போட்டோம். தென்னையைக் கட்டிப்பிடித்தபடி இரவு முழுக்கக் கிடந்த ஒரு வயதான அம்மாளின் கைகள் மார்போடு மடங்கியே இருந்தன. நான் நீட்டப் பார்த்தேன். நீங்கள் தடுத்துவிட்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் பேரப்பிள்ளைகளைப் பற்றிக் கேட்டுக்கொண்டே வெந்நீர்த் துணியை மாற்றி மாற்றி வைத்தீர்கள். பேச்சு வாக்கில் அவள் தானே ஒரு கையை நீட்டித் தண்ணீர் வாங்கிக் குடித்தாள். இன்னொரு பெண்ணின் விலா எலும்பைத் தொட்டதுமே கையை எடுத்துவிட்டு, "இது நம்ம வேலை இல்லை, டாக்டர்கிட்ட அனுப்பு" என்றீர்கள். திரைக்கு வெளியே செயலாளர் கனத்த கண்ணாடியில் ஆவி படிய, வெந்நீர் வாளி தூக்கிக்கொண்டு நின்றார். அன்றைக்கு முழுக்க அவர் வேலை அதுதான். நாம் குரல் கொடுத்தால் வாளி வரும்.

அடுத்த பொதுக்கூட்டத்தில் உங்கள் முதல் வாக்கு. அதை மறப்பேனா? நான் தைரியமாக எழுந்து ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன். உறுப்பினர்கள் எல்லோரும் சங்க முத்திரை போட்ட வெள்ளைக் கோட்டு அணிய வேண்டும் என்று. என் வாழ்நாளின் முதல் மேடைப் பேச்சு. எதிர்ப்பவர்கள் யார் என்று செயலாளர் கேட்டதும் என் பக்கத்திலிருந்தே ஒரு கை மேலே போனது.

"வெள்ளைக் கோட்டுப் போட்டா நம்மளை டாக்டர்னு நெனைச்சுருவாங்க. ஒடைஞ்ச எலும்போட வந்து நிப்பாங்க. நாம டாக்டர் இல்ல" என்றீர்கள். எலும்புக்காரர்கள் அத்தனை பேரும் உங்கள் பக்கம் சாய்ந்தார்கள். என் தீர்மானம் தோற்றது.

படியிறங்கும்போது, "மொத வாக்கை எனக்கு எதிராவா போடணும்?" என்று கேட்டேன்.

"உனக்கு எதிரா எங்க போட்டேன்? கோட்டுக்கு எதிராத்தானே போட்டேன்" என்றீர்கள். அப்புறம் என் தோளில் கை போட்டு, "ஆனா நல்லாப் பேசுன மரகதம். கடைசி வரிசை வரைக்கும் கேட்டுச்சு" என்றீர்கள். தோற்றவளுக்கு அப்படி ஒரு பூரிப்பு வருமென்று எனக்கு அதுவரை தெரியாது.

நீங்கள் கியாக்தானில், மகள் வீட்டில், கொஞ்ச நாள் காய்ச்சலுக்குப் பிறகு அமைதியாகப் போய்ச் சேர்ந்தீர்கள். அடக்கத்தன்று வெளியே ஆண்கள் கூட்டத்தில் ஜன்னல் பக்கமும் சுவர் பக்கமும் கலந்து நின்றன. ஊ தெயின் கைக்குட்டையை எடுக்கக்கூட மறந்து நின்றார். செயலாளர் என்னிடம் வந்து, "நான் பார்த்த உறுப்பினர்களிலேயே ரொம்பச் சிரமம் கொடுத்தவர்" என்றார். போகத் திரும்பியவர் நின்று, "இன்னும் கொஞ்ச நாள் கொடுத்திருக்கலாம்" என்றார்.

அறை நடக்கிறது. உங்கள் மகள் வாடகை வேண்டாம் என்கிறாள், நான் விடுவதில்லை. சங்கத்தில் இப்போது பெண்களுக்கென்று தனி வரிசையே வந்துவிட்டது. என்னைக் கமிட்டியில் போட்டிருக்கிறார்கள்.

போன மாதம் பொதுக்கூட்டம். இனிமேல் பத்தாம் வகுப்புத் தேறியவர்களை மட்டுமே புதிதாகச் சேர்க்க வேண்டும் என்று ஒரு தீர்மானம். கொண்டுவந்ததே கமிட்டிதான். சங்கத்தின் மதிப்பு உயரும் என்று எல்லோரும் சந்தோஷமாக ஆதரித்தார்கள். பெண்கள் வரிசையும் ஆதரித்தது. எனக்கு நீங்கள் ஐந்தாம் வகுப்போடு நின்றது ஞாபகம் வந்தது. நானும் பத்தாம் வகுப்புத் தேறாதவள் என்பதும் ஞாபகம் வந்தது. எதிர்ப்பவர்கள் உண்டா என்று செயலாளர் வழக்கத்துக்காகத்தான் கேட்டார், தாளைப் பார்த்துக்கொண்டே.

கை தூக்கினேன். கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "இந்த விதி முன்னாடியே இருந்திருந்தா டாலாவுல அன்னைக்குத் திரைக்குப் பின்னால யார் இருந்திருப்பா?" என்று கேட்டேன். குரல் நடுங்கவில்லை, ராத்தா. செயலாளர் தாளை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். சுவர் ஓரத்திலிருந்து ஊ தெயினின் கையும் எழுந்தது. இப்போது அவருக்கும் தோள் இறுகிக்கொண்டு வருகிறது, காது வரைக்கும்தான் தூக்க முடிந்தது. இரண்டே கைகள். தீர்மானம் நிறைவேறிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் மகன், "என்னம்மா ஆச்சு?" என்று பர்மியத்தில் கேட்டான்.

"தோத்துட்டேன்" என்றேன் தமிழில்.

"அப்புறம் ஏன் சிரிக்கிறீங்க?" என்றான்.

அவனுக்கு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த வருஷமும் அந்த விதியை எடுக்கச் சொல்லிக் கேட்கப் போகிறேன். அதற்குள் ஊ தெயினின் தோளைச் சரிபண்ண வேண்டும். என் கை பட்டால் அவருக்குச் சிரிப்பு வராது என்கிறார் டோ சீன்.

உங்கள்
மரகதம்